சாவி யார் கையில்?
கடையும் வீடும் மாறும்போது சரக்கைத் தற்காலிகமாகக் கிடங்கில் வைப்போர் கவனத்துக்கு

கடை மாற்றுவதும் வீடு மாற்றுவதும் நம் வணிகர்களில் பலருக்கு ஒரே வேலைதான். முன்புறம் கடை, பின்புறமோ மாடியிலோ குடும்பம் என்றே பலரும் இருந்து வருகிறோம். கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தால் அரிசிச் சிப்பத்தோடும் எண்ணெய் டின்னோடும் கட்டிலும் பீரோவும் சேர்ந்தே கிளம்பும்.

பழைய கட்டடத்தின் கெடு ஆனி மாதத்தோடு முடிகிறது என்று வைத்துக் கொள்வோம். ஆடியில் புது இடத்தில் பால் காய்ச்ச வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆவணி பிறக்கும் வரை ஒரு மாத இடைவெளி. மார்கழியிலும் இதே நிலைதான். குடும்பம் உறவினர் வீட்டில் தங்கிக் கொள்ளும். சரக்கு எங்கே தங்கும்?

வெள்ளகோவில் போன்ற ஊரில் இதற்கு விடை சுலபம். எண்ணெய் மில்லிலோ அரிசி ஆலையிலோ தெரிந்தவர் குடோனிலோ ஒரு மூலை கிடைத்துவிடும். "ஒரு மாதம்தானே, வைத்துக் கொள்ளுங்கள்" என்பார்கள். நாமும் எழுத்து எதுவும் இல்லாமல் வைத்து விடுகிறோம். ஆண்டுக்கணக்கில் இருக்கும் கடைக்குக் காட்டும் கவனத்தை ஒரு மாத இடத்துக்குக் காட்டுவதில்லை. நட்டம் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

வாடகை இடமா, ஒப்படைத்த சரக்கா?

முதலில் தெளிவாக வேண்டிய கேள்வி, சாவி யாரிடம் இருக்கிறது என்பது.

ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, நாமே பூட்டி, சாவியை நாமே வைத்துக் கொண்டால் அது வெறும் இடவாடகை. உள்ளே இருக்கும் சரக்குக்குப் பொதுவாக இடத்துக்காரர் பொறுப்பாக மாட்டார். திருட்டுப் போனாலும் நனைந்தாலும் நம் நட்டம்தான்.

சரக்கை எண்ணி அவரிடம் கொடுத்து, அவர் பூட்டி, கேட்கும்போது திருப்பித் தருவதாக ஏற்பாடு என்றால் அது ஒப்படைப்பு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ, அப்படியே ஒப்படைத்த பொருளையும் காக்க வேண்டும் என்பது அதன் 151ஆம் பிரிவு. வாடகை வாங்காமல் உதவிக்காக வைத்திருந்தாலும் இதே கடமைதான். அந்த அளவு கவனத்தோடு அவர் காத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், நட்டத்துக்கு அவர் பொறுப்பல்லர் என்கிறது 152ஆம் பிரிவு.

சட்டம் இப்படி இருந்தாலும், உதவி செய்த மாமன் மச்சான் மீது யாரும் வழக்குப் போடப் போவதில்லை. வைத்தது நூறு மூட்டையா, தொண்ணூற்றெட்டா என்ற பேச்சு வந்தால் இரண்டு மூட்டையின் மதிப்பு போவதோடு நிற்காது. இரண்டு குடும்பத்தின் பேச்சுவார்த்தையும் நின்று போகும். ஆகவே உறவினர் இடமாக இருந்தால்தான் எழுத்து இன்னும் அவசியம். பொருளின் பெயர், மூட்டை எண்ணிக்கை, எடை, வைத்த தேதி, எடுக்கும் தேதி, வாடகை, யாரிடம் சாவி என ஏழு விவரங்களை ஒரு தாளில் இரண்டு பிரதியாக எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும்.

காப்பீடு கூடவே வராது

தீ விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பாலிசியில் கடை முகவரி எழுதப்பட்டிருக்கும். பாதுகாப்பு அந்த இடத்துச் சரக்குக்குத்தான். குடோன்காரர் எடுத்துள்ள பாலிசியும், பிறர் சரக்கையும் சேர்த்து எழுதியிருந்தால் ஒழிய, நமக்கு உதவாது. எனவே சரக்கு கிளம்புவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, புது முகவரியைப் பாலிசியில் சேர்த்து வாங்க வேண்டும். தீப்பிடித்த பிறகு கொடுக்கும் கடிதத்தால் பயனில்லை. வீட்டுச் சாமான்களும் கடைச் சரக்குப் பாலிசியில் அடங்கா. அவற்றைத் தனியாக அடுக்கி, தனிப் பட்டியல் வைத்துக் கொள்ளுங்கள். நகை, பத்திரம், கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எந்தக் கிடங்கிலும் வைக்காதீர்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு

2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தில், சரக்கு வைக்கும் குடோனும் வியாபார இடம்தான். பதிவு பெற்றவர்கள் அதைக் 'கூடுதல் வியாபார இடம்' என்று பதிவில் சேர்க்க வேண்டும். மாற்றம் நடந்த 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. வாடகை ஒப்பந்தம் அல்லது இட உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆதாரமாகும். மேலே சொன்ன ஏழு விவரத் தாள் இங்கும் கைகொடுக்கும்.

ஒரே பதிவு எண்ணின் கீழ் தமிழகத்துக்குள் நம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சரக்கு போனால் அது விற்பனை அல்ல, வரி கிடையாது. ஆனால் டெலிவரி சலான் போட வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வண்டியில் போனால் இ-வே பில்லும் வேண்டும். பதிவில் இல்லாத இடத்தில் கணக்கில் வராத சரக்கு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் வரியும் அபராதமும் வரும். நேர்மையாக வாங்கிய சரக்காக இருந்தாலும் அதை மெய்ப்பிக்கும் பாடு நம்முடையது. உணவுப் பாதுகாப்பு உரிமமும் இடத்தைச் சார்ந்ததே. அந்த அலுவலகத்திலும் இட மாற்றத்தைத் தெரிவித்து விடுங்கள்.

அடுக்கும் முறை

கொப்பரையும் சூரியகாந்தி விதையும் ஏலம் போகும் ஊர் நம் ஊர். ஈரப்பதம் என்ன செய்யும் என்பது நமக்குப் புதிதல்ல. கொப்பரையில் ஈரம் 6 சதவீத அளவில் இருந்தால் தாங்கும், ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். நிலக்கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கழுவினாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

* மூட்டையை வெறும் தரையில் போடக் கூடாது. மரச்சட்டமோ பலகையோ போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும்.
* சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி அடுக்கினால் காற்றும் போகும், ஆளும் போகலாம், எலி வந்தாலும் தெரியும்.
* சோப்பு, ஊதுபத்தி, பினாயில் பெட்டிகளை டீத்தூள், மாவு, அரிசி அருகில் வைக்காதீர்கள். வாசனை ஏறிய டீத்தூளை யாரும் வாங்க மாட்டார்கள்.
* உப்பும் வெல்லமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இவற்றைப் பருப்பு மூட்டைகளிலிருந்து தள்ளி வையுங்கள்.
* முதலில் விற்க வேண்டியதைக் கடைசியாக, வாசல் பக்கம் அடுக்குங்கள். காலாவதித் தேதி நெருங்கிய சரக்கைக் கிடங்குக்கே அனுப்பாமல் பழைய கடையிலேயே விலை குறைத்து விற்றுவிடுவது லாபம்.
* பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று தகரத்தைத் தூக்கும், புழுதியை உள்ளே கொட்டும். கூரையையும் ஜன்னலையும் பார்த்த பிறகே இடத்தை ஒப்புக் கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்தான ஒன்று

புழு, வண்டுக்குப் பயந்து சிலர் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைக்குள் வைக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வெளியாகும். கதவு இடுக்கிலும் சுவர் விரிசலிலும் கசிந்து பக்கத்து அறையில் தூங்குபவர்களைக் கொன்றுவிடும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. அரசு அமைப்புகளும் அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பாளர்களும் மட்டுமே கையாள வேண்டிய பொருள் இது. குடும்பம் குடியிருக்கும் கட்டடத்தில் தற்காலிகமாக மூட்டைகளை வைப்பவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

முறையான கிடங்குகள்

மூட்டை அதிகம் என்றால், மூலையில் இடம் கேட்பதைவிட முறையான கிடங்கு மேல். மத்தியக் கிடங்கு நிறுவனம் 1957லும், தமிழ்நாடு கிடங்கு நிறுவனம் 1958லும் தொடங்கப்பட்டவை. வியாபாரிகளின் சரக்கையும் கட்டணம் பெற்று வைத்து ரசீது தருகிறார்கள். 2007ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டம் 2010 அக்டோபர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பதிவு பெற்ற கிடங்குகளில் வைக்கும் விளைபொருளுக்குத் தரப்படும் மாற்றத்தக்க ரசீதை வங்கியில் காட்டிக் கடனும் கேட்கலாம். கடை மாறும் காலத்தில் கைப்பணம் கரையும் என்பதால் இது சிறிய உதவி அல்ல. ஆனால் கட்டணப் பாக்கி இருந்தால் சரக்கை நிறுத்தி வைக்கக் கிடங்குக்காரருக்கு உரிமை உண்டு.

முடிவாக

சரக்கை இறக்கும் நாளில் ஒருமுறை எண்ணி எழுதுங்கள், எடுக்கும் நாளில் அதே தாளை வைத்து எண்ணுங்கள். இடையில் வாரம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஆவணியில் புதுக் கடையின் முதல் வியாபாரம் நல்ல சரக்கோடு தொடங்க வேண்டும். இடம் கொடுத்தவரும் அன்று முகமலர்ச்சியோடு முதல் பில் போட வர வேண்டும். அதற்கு ஆனி மாதத்தில் எழுதும் அந்த ஒரு தாள் போதும்.