லஞ்சம் கேட்கிறார்களா? கொடுப்பதற்கு முன் புகார் கொடுங்கள்

பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டார்கள் என்று சிலர் குமுறுவார்கள். கொடுத்தீர்களா என்றால், "கொடுத்து மூணு மாசம் ஆச்சு, வேலைதான் நடக்கல" என்பார்கள். இன்னும் சிலர் பேரம் பேசியதைக் கைபேசியில் பதிவுசெய்து, ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் போட்டுவிட்டு, ஏன் நடவடிக்கை இல்லை என்று கொதிப்பார்கள். இரண்டுமே வழக்கைக் கெடுக்கும் வேலை.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது. இப்போது லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஏழாண்டு வரை சிறை கிடைக்கலாம். கட்டாயத்தால் கொடுத்தவர், கொடுத்த 7 நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். மூன்று மாதம் கழித்து வந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முதலிலேயே புகார் கொடுத்துவிட்டு, விசாரணைக்கு உதவியாகப் பணம் கொடுத்தால் அது குற்றமே ஆகாது.

ஆட்சியர் அலுவலக மனுநாளில் கொடுக்கும் புகார், 'தக்க நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு பெரும்பாலும் லஞ்சம் கேட்ட அலுவலகத்துக்குத்தான் திரும்பிப் போகிறது. யார் மீது புகாரோ அவர் கைக்கே அதை அனுப்புவது என்ன நிர்வாகம்? நேராக ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தின் உங்கள் மாவட்டப் பிரிவுக்குப் போங்கள். லஞ்ச ஒழிப்புத் துறை என்று நாம் சொல்வது அதைத்தான். தபால், ரயில்வே, வருமான வரி போன்ற மத்திய அரசு ஊழியர் என்றால் சி.பி.ஐ.யின் ஊழல் தடுப்புப் பிரிவுக்கு.

புகாரை எழுத்தில் கொடுங்கள். கேட்டவரின் பெயர், பதவி, உங்கள் மனுவின் எண், தேதி, எப்போது, எங்கே, எவ்வளவு கேட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இடைத்தரகர் மூலம் கேட்டிருந்தால் அவரையும் குறிப்பிடுங்கள். 'லஞ்சம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டின் நகலை இணையுங்கள்.

அதன்பின் லஞ்ச ஒழிப்புத் துறையினர் பொறி வைப்பார்கள்: கொடுக்க வேண்டிய நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, ரசாயனப் பொடி தடவி, சாட்சி ஒருவரோடு உங்களை அனுப்புவார்கள். பணத்தைத் தொட்ட விரல்களைக் கரைசலில் நனைத்தால் அது இளஞ்சிவப்பாகும். அது மட்டும் போதாது. அதிகாரி லஞ்சம் கேட்டார் என்பது நிரூபணமாகாவிட்டால் வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. எனவே பணத்தை அவர் சட்டைப்பையில் திணிக்காதீர்கள், மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். அவர் வாயால் கேட்கட்டும். சாட்சியின் காதில் விழட்டும்.

குரல்பதிவு இருந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அதிகாரி உஷாராகிவிடுவார், பொறி வைக்கவே முடியாது. பதிவான கைபேசியை அப்படியே பாதுகாத்து வையுங்கள். நகலை நீதிமன்றம் ஏற்க, 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: குழுவில் போடாதீர்கள்.

முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். கேட்டு வாங்கி வையுங்கள். சாட்சி சொல்ல அழைப்பு வர ஆண்டுகள் ஆகலாம். வீடு மாறினால் புது முகவரியை விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.