ஓஷ்கோஷ்: விமானத் திருவிழாவா, வியாபாரச் சந்தையா?

ஜூலை மாதக் கடைசியில் ஒரு வாரம் மட்டும் உலகிலேயே பரபரப்பான விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம் எங்கே இருக்கிறது தெரியுமா? அட்லான்டாவில் இல்லை, துபாயிலும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னபேகோ ஏரிக்கரையில் இருக்கும் ஓஷ்கோஷ் என்ற சின்ன ஊரில்!

ஊரின் மக்கள்தொகை 66,000 சொச்சம்தான். ஆனால் ‘ஏர்வென்ச்சர்’ நடக்கும் அந்த ஒரு வாரத்தில் 10,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் இந்த வட்டாரத்துக்குப் பறந்து வருகின்றன. 2024-ல் வந்த கூட்டம் 6,86,000. 2025-ல் ஏழு லட்சத்தையும் தாண்டிவிட்டது.

இத்தனை விமானங்களும் இறங்குகிற விதமே ஓர் அழகு. ரிப்பன் என்ற ஊருக்கு மேலே வந்ததும், கீழே ஓடும் ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாக ஃபிஸ்க் என்ற குக்கிராமம் வரை பறக்க வேண்டும். அங்கே பைனாகுலருடன் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். விமானி பதில் பேசக் கூடாது. காதில் விழுந்ததற்கு அடையாளமாக இறக்கையை ஆட்டினால் போதும். பிறகு ஓடுபாதையில் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் வண்ணப் புள்ளிகளில் எதில் இறங்க வேண்டும் என்று சொல்வார்கள். ஒரே ஓடுபாதையில் முன்னும் பின்னுமாக ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கும். இறங்கியவர்களில் பலர் விமானத்தைப் புல்தரையில் நிறுத்தி, இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் போட்டு, அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள்.

இவ்வளவு இருந்தும், பல வருடங்களாக வருகிற பழைய ஆட்களிடம் ஒரு புலம்பல் ஓயாமல் கேட்கிறது. ‘முன்னே மாதிரி இல்லை. எல்லாம் வியாபாரமாகிவிட்டது’ என்பதுதான் அது.

அந்த ‘முன்னே’ எப்படி இருந்தது?

மில்வாக்கியைச் சேர்ந்த பால் போபரெஸ்னிக்குப் பதினாறு வயதில் பள்ளி ஆசிரியர் ஒருவர் உடைந்த கிளைடர் ஒன்றைக் கொடுத்தார். அதைச் சரிசெய்து பறந்தவர் அவர். 1953 ஜனவரியில், வீட்டிலேயே விமானம் கட்டும் சிலரைக் கூட்டி ‘எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். சுருக்கமாக இ.ஏ.ஏ. சங்கத்தின் அலுவலகம், அவருடைய வீட்டின் நிலவறை. கடிதப் போக்குவரத்து உள்ளிட்ட வேலைகளில் பெரும்பங்கு மனைவி ஆட்ரியுடையது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த முதல் கூடலுக்கு வந்தவை இருபது சொச்சம் விமானங்கள்தான்.

சங்கத்தைத் தூக்கி நிறுத்தியதில் ஒரு பத்திரிகைக்கும் பங்கு உண்டு. 1955-ல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில், 800 டாலருக்குள், எஞ்சினும் சேர்த்து, ஒரு விமானத்தைக் கட்டுவது எப்படி என்று போபரெஸ்னி எழுதினார். படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? உறுப்பினர்கள் குவிந்தார்கள். கூடல் 1959-ல் ராக்ஃபோர்டுக்கும், இடம் போதாமல் 1970-ல் ஓஷ்கோஷுக்கும் மாறியது.

இன்று அதே இடத்தில் 800 வாக்கில் கடைகளும் கண்காட்சி அரங்குகளும் இருக்கின்றன. பல லட்சம் டாலர் ஜெட் விமானங்கள் பளபளவென்று நிற்கின்றன. ராக் கச்சேரி உண்டு, இரவில் வாணவேடிக்கை உண்டு. 1998-ல் கூடலின் பெயரே ‘ஏர்வென்ச்சர்’ ஆனது. மைதானத்தின் நடுவே பெரிய விமானங்கள் நிற்கும் தளம் ஒரு காலத்தில் ‘ஏரோஷெல் சதுக்கம்’. பிறகு ‘கோனோகோபிலிப்ஸ் பிளாசா’. இப்போது ‘போயிங் பிளாசா’. தரை அதேதான், பணம் கட்டுகிற கம்பெனி மாறும்போது பெயர் மாறுகிறது.

நம்மூர்க் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். ட்யூப்லைட் மாட்டிக் கொடுத்தவர் ‘உபயம்’ என்று தொடங்கித் தன் பெயர், ஊர், கடை விலாசம் எல்லாவற்றையும் அந்த ட்யூப்லைட்டின் மீதே எழுதி வைத்திருப்பார். வெளிச்சத்தில் பாதி எழுத்துக்குள்ளேயே நின்றுவிடும். உபயம் தப்பில்லை. எழுத்து வெளிச்சத்தை மறைக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓஷ்கோஷில் 2012-ல் மறைத்தது. பெரிய நிறுவனங்களின் விருந்தினர்கள் குளுகுளுவென்று உட்கார்ந்து பார்க்க, ஓடுபாதை ஓரமாகவே தனிக் கூடாரங்கள் முளைத்தன. வருடம் தவறாமல் வருகிற சாதாரண உறுப்பினர்கள் கொதித்துவிட்டார்கள். விமானம் பார்க்க வந்தவன் கூடாரத்தின் முதுகைப் பார்ப்பதா? அந்த அக்டோபரில் சங்கத்தின் தலைவர் பதவி விலகினார். அடுத்துப் பொறுப்புக்கு வந்தவர் ஜேக் பெல்டன். ஓடுபாதை ஓரத்துக் கூடாரங்கள் அகற்றப்பட்டது அவர் வந்த பிறகுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவரே செஸ்னா விமான நிறுவனத்தின் முன்னாள் தலைவர். கார்ப்பரேட் ஆள்!

பணமே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. 2013-ல், அரசுச் செலவுக் குறைப்பைக் காரணம் காட்டி, கட்டுப்பாட்டாளர்களை அனுப்பும் செலவுக்கு ஏறக்குறைய நாலரை லட்சம் டாலர் கொடுங்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கேட்டது. அதுவரை இல்லாத செலவு அது. சங்கம் கோர்ட்டுக்குப் போனது, பணத்தையும் கட்டவேண்டி வந்தது. நிலவறையில் தபால்தலை ஒட்டி நடத்திய கூடல் இப்படி ஒரு பில்லைத் தாங்கியிருக்காது.

இன்னொரு சங்கடமான உண்மையும் இருக்கிறது. 18 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 2022 முதல் நுழைவு இலவசம். அதற்குக் கைகொடுப்பது யார்? அதே போயிங்தான்.

என்னைக் கேட்டால், நடுத் தளத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு ‘ஆன்மா போய்விட்டது’ என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். ஓரங்களில் போய்ப் பார்க்க வேண்டும். ரிவெட் அடிப்பது, வெல்டிங் வைப்பது, இறக்கைக்குத் துணி போர்த்துவது எல்லாவற்றையும் புதியவர்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்லித்தரும் பட்டறைகள் இன்னும் நடக்கின்றன. 2014-ல் ஒரு முழு விமானத்தை அந்த ஒரே வாரத்தில், வருகிறவர் போகிறவரையெல்லாம் ஆளுக்கொரு ரிவெட் அடிக்கவைத்துக் கட்டி முடித்தார்கள். வேலை பார்க்கும் தன்னார்வலர்கள் மட்டும் 5,000-க்கும் மேல். இதே சங்கம் 1992-ல் ‘யங் ஈகிள்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. உறுப்பினர்களே தங்கள் விமானத்தில், தங்கள் செலவில், 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை ஏற்றிப் பறக்கிறார்கள். இதுவரை பறந்த பிள்ளைகள் 20 லட்சத்துக்கும் மேல். காசுக்காகச் செய்கிற காரியமா இது?

உண்மையான நெருக்கடி மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. 1955-ன் 800 டாலர் இன்றைய மதிப்பில் 9,000 டாலருக்கும் மேல். இன்று இருவர் அமரும் பிரபலமான கிட் விமானம் ஒன்றை எஞ்சின், கருவிகளோடு முடிக்க ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். வீட்டு விமானக்காரர்களின் செல்லக் கம்பெனியான ‘வான்ஸ் ஏர்கிராஃப்ட்’ 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களும் கூடுதல் விலை கொடுக்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு கம்பெனி மீண்டுவிட்டது, விலை இறங்கவில்லை. கேரேஜில் விமானம் கட்டும் மெக்கானிக்கையும் பள்ளி ஆசிரியரையும் மிரட்டுவது இந்தக் கணக்குதான். கச்சேரியையும் ஸ்டாலையும் எடுத்துவிட்டால் இது குறைந்துவிடாது.

அதேசமயம், அவர்களுக்காகப் பேச அந்தப் பெருங்கூட்டம் உதவவும் செய்கிறது. சிறிய விமானங்களுக்கான விதிகளைத் தளர்த்தும் ‘மொசைக்’ என்ற புதிய விதிமுறை, இ.ஏ.ஏ. பல வருடங்கள் வலியுறுத்தி வந்த விஷயம். 2025 ஜூலையில் அதை அறிவிக்க அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சரே ஓஷ்கோஷுக்கு வந்தார். இருபது விமானம் வரும் கூடலுக்கு அமைச்சர் வருவாரா? அந்த விதி 2025 அக்டோபரில் அமலுக்கு வந்தது. முன்பு ‘ஸ்போர்ட் பைலட்’ உரிமத்தில் மிகச் சிறிய விமானங்களைத்தான் ஓட்ட முடியும். இப்போது அதே உரிமத்தோடு, தனி மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் கார் ஓட்டும் லைசென்ஸை வைத்தே, பழைய செஸ்னா 172-ஐக்கூட ஓட்டலாம். நாலு சீட் உண்டு, ஆனால் கூட ஏற்றிக்கொள்ள ஒருவருக்குத்தான் அனுமதி.