டிரங்குப் பெட்டிக்குள் டிவி, சுவரில் அணுகுண்டு! அட்டனுக்கு இதில் என்ன பங்கு தெரியுமா?

1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டைச் சோதித்தது. அதே மாதமே பாகிஸ்தானும்! ஊரெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்ணுக்கு மட்டும் ஒரு பைத்தியக்காரன் ஞாபகம் வந்தது. அவர் ஓவியர் நளினி மலானி. கராச்சியில் பிறந்தவர், பிரிவினையில் குடும்பத்தோடு ஊரைவிட்டு வந்தவர். அந்தப் பைத்தியக்காரன், சாதத் ஹசன் மண்ட்டோவின் 'தோபா தேக் சிங்' கதை நாயகன். இரண்டு நாடுகள் மனநோயாளிகளைப் பண்டமாற்றுச் செய்ய, இவன் எந்தப் பக்கமும் போகமாட்டேன் என்று எல்லைக்கு நடுவிலேயே விழுந்துவிடுகிறான்.

மலானி என்ன செய்தார் தெரியுமா? தரையில் 12 தகர டிரங்குப் பெட்டிகளை வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டிவியை ஓடவிட்டார். சுவரில் ஹிரோஷிமா, நாகசாகிப் படக்காட்சிகள். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெண்கள். ஒரே சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கப் பார்க்கிறார்கள். முடியுமா? நடுவில் ஓர் அறையே கிடக்கிறதே! பார்க்க வந்தவர் நிற்பதும் அந்த நடுவில்தான்.

இனி இலங்கை மலையகத்து அட்டனுக்கு வருவோம். 1964 அக்டோபர் 30. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளித் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர்? பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! பத்து வருஷம் கழித்து அவர்களையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மண்ட்டோ 1955இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் இன்னொரு கதை எழுதியிருப்பார்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பல் போய்ச் சேரும் தனுஷ்கோடியையே டிசம்பர் புயல் விழுங்கிவிட்டது! அதற்காக ஆட்களை அனுப்புவது நின்றதா என்ன? கப்பலை ராமேஸ்வரத்துக்குத் திருப்பினார்கள். அட்டன் ஸ்டேஷனில் ஒரே குடும்பத்தில் அண்ணன் பெட்டியோடு தலைமன்னார் ரயிலில் ஏற, தம்பி பிளாட்பாரத்தில் நின்றான். மலையகம் அந்த ரயிலுக்கு வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. என்னைக் கேட்டால், மலானியின் பெட்டிகளை ஒருமுறையாவது அட்டன் பிளாட்பாரத்தில் வரிசையாக வைக்க வேண்டும். விளக்கப் பலகையே தேவைப்படாது.

பெட்டிகள் இருக்கட்டும், மலையகத்தின் பக்கம் கேமரா திரும்பியது எப்போது தெரியுமா? 1870களிலேயே! உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் இங்கே தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில். படத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே நிற்கிறார்கள்.

1934இல் பேசில் ரைட் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' இன்னும் அதிசயம். காசு தேயிலைப் பிரசாரச் சபையுடையது. படத்திலோ பெரும்பகுதி சிவனொளிபாதமலை யாத்திரையும் கிராமமும் கண்டி நடனமும்! கொழுந்தெடுத்த கைகளுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான்.

தோட்டத்து ஆட்களையே கதையின் நடுவில் வைத்தது 2013இல் வந்த படம்: பேராதனைப் பேராசிரியர் சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து'. இப்போது மலையகக் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம், குடித்துமுடித்த தேநீர்ப் பைகளின் மேலேயே தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையை வரைகிறார். அந்தச் சின்னப் பையில் முகத்தைத் தேட, குனிந்து கிட்டப் போய்த்தான் ஆக வேண்டும்.