சேமிப்பகத்துக்கு ஒரு தனிப் பாதை

கொல்கத்தா அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்தில் தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்களின் நூல் தொகுப்பு இருப்பது நம் அன்பர்கள் பலருக்குத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் சேர்த்த நூல்கள் நாம் வாழும் ஊரில் பத்திரமாக இருப்பது பெருமைதான். ஆனால் நூலைக் காத்தால் மட்டும் போதாது. கேட்டவர் கைக்கு அது வந்து சேரவும் வேண்டும். அலமாரிக்கும் வாசகர் மேசைக்கும் நடுவே ஒழுங்கான வழி இல்லாவிட்டால், எவ்வளவு இருந்தும் பயனில்லை.

கணினியிலும் இதே கதைதான். இந்நகரில் கணினித் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், சர்வருக்கும் அதன் சேமிப்பகத்துக்கும் இடையிலுள்ள அந்த வழியைப் பற்றி எழுத விழைகிறேன். செக்டார் ஃபைவில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்த பாடமாக இருக்கலாம். அவர்களைப் பெற்றவர்களுக்கும் புரியும்படி சொல்வதே என் நோக்கம்.

வட்டு ஓரிடம், சர்வர் ஓரிடம்

முன்பெல்லாம் சர்வரின் பெட்டிக்குள்ளேயே வட்டுகள் இருக்கும். தரவு பெருகப் பெருக, வட்டுகளைத் தனிப் பெட்டியில் அடுக்கி, நெட்வொர்க் வழியாகப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் முறை வந்தது. இதில் இரண்டு வகை உண்டு. கோப்பாகக் கேட்டு வாங்குவது ஒன்று. 1984-இல் சன் நிறுவனம் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். இவ்வகை. தொலைவிலுள்ள வட்டைச் சொந்த வட்டாகவே சர்வர் எடுத்துக்கொள்வது மற்றொன்று. 2004-இல் தரநிலையாக வெளியான ஐஸ்கஸி இவ்வகை. அதற்கு முன் இந்த இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் ஃபைபர் சேனல் என்ற விலை கூடிய தனிக் கருவிகள் வேண்டியிருந்தன. சாதாரண ஈதர்நெட் கம்பியிலேயே முடியும் என்றானதும் சிறிய அலுவலகங்களுக்கும் அது எட்டியது.

பெரிய அளவில் தரவு என்றால் என்ன என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நடக்கும் ஆலிஸ் சோதனையின் தரவுகளைச் சேமித்து ஆராயும் உலகக் கணினிக் கூட்டமைப்பில், சால்ட் லேக்கிலுள்ள சைக்ளோட்ரான் மையமும் இரண்டாம் அடுக்கு மையமாகப் பங்கேற்றிருக்கிறது.

ஒரே கார்டில் எல்லாம் வேண்டாம்

நான் பார்த்த ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். தினமும் சாயங்காலம் கணக்குப் பதிவு அப்படியே நின்றுவிடும். வவுச்சர் பாதியில் தொங்கும். ஒருநாள் தரவுத்தளமே கெட்டுப்போய், நாள் முழுதும் போட்ட பதிவுகளை மறுபடி போட்டார்கள். சர்வர் பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார் விற்பனையாளர். உண்மைக் காரணம் வேறு. பயனர்களின் போக்குவரத்து, சேமிப்பகத்தின் போக்குவரத்து, சாயங்கால பேக்கப் மூன்றும் ஒரே 1 கிகாபிட் கார்டில் ஓடின. அந்தக் கார்டின் உச்ச வேகம் கணக்குப்படி நொடிக்கு 125 மெகாபைட். நடைமுறையில் 110 வந்தாலே நல்லது. பேக்கப் ஒன்றே அதை நிரப்பிவிடும்.

மனிதர் கேட்ட பக்கம் தாமதமானால் பொறுத்துக்கொள்வார். வட்டு பதில் சொல்லத் தாமதமானால் சர்வர் ஓரளவுதான் பொறுக்கும். பிறகு வட்டையே யாரோ பிடுங்கிவிட்டதாக முடிவு செய்யும். சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே முதல் விதி: சேமிப்பகத்துக்குத் தனி கார்டு, தனி ஸ்விட்ச். தனி ஸ்விட்சுக்கு வசதியில்லை என்றால் வி-லேன் பிரித்தாவது கொடுக்க வேண்டும். இரண்டாவது: அந்தக் கார்டுக்கு வேறு வரிசையில் ஐ.பி. முகவரி. பயனர் கார்டு 192.168.1 வரிசை என்றால் இது 10.10.1 வரிசை. மூன்றாவது: கேட்வே முகவரி பயனர் கார்டில் மட்டும் இருக்கட்டும். சேமிப்பகக் கார்டின் முகவரி டி.என்.எஸ்.ஸில் பதிவாகவும் கூடாது. பதிவானால் மற்ற கணினிகள் சர்வரைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போய் முட்டும். நான்காவது: மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டைத் தூங்கவைக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும்.

ஐஸ்கஸி தானாகத் தரவை மறைகுறியாக்கி அனுப்புவதில்லை. எனவே தனிப் பாதை என்பது வேகத்துக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும்தான்.

இரண்டு பாலங்கள்

1943-இல் ஹௌரா பாலம் திறக்கப்பட்டது. 1992-இல் வித்யாசாகர் சேது வந்தது. ஒன்றில் நெரிசல் என்றால் மற்றொன்றில் போகலாம். சேமிப்பகத்துக்கும் இப்படி இரண்டு கார்டு, இரண்டு முகவரி வரிசை, இரண்டு ஸ்விட்ச் அமைப்பதை மல்டிபாத் என்கிறார்கள். இரண்டு கம்பிகளும் ஒரே ஸ்விட்சில் போய்ச் சேர்ந்தால், இரண்டு பாலத்துக்கும் ஒரே சாலை போட்ட மாதிரிதான்.

கார்டுகளைக் கட்டி ஒன்றாக்கும் டீமிங் முறை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அதில் ஒரு இணைப்பு பொதுவாக ஒரு கம்பியில் மட்டுமே ஓடும். பலர் கோப்பு கேட்கும் இடத்துக்கு அது நல்லது. ஐஸ்கஸிக்கு மல்டிபாத்தே ஏற்றது.

பெரிய பொட்டலம்

ஈதர்நெட்டில் வழக்கமான பொட்டலம் 1500 பைட். ஜம்போ முறையில் அதை 9000 ஆக்கினால் சர்வரின் சுமை குறையும். ஆனால் சர்வர், ஸ்விட்ச், சேமிப்பகம் மூன்றிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் சின்னச் செய்தி போகும், பெரிய கோப்பு நடுவழியில் நிற்கும். பிங் வேலை செய்கிறதே என்று ஆளாளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பொட்டலத்தை உடைக்கக் கூடாது என்று சொல்லி, 8972 பைட் அளவில் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புக்கு 28 பைட் சேர்ந்து சரியாக 9000 ஆகும். அது போய் வந்தால்தான் பாதை சரி.

நாம் செய்ய வேண்டியது

எல்லாம் முடிந்தபின், வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பியைக் கழற்றிப் பாருங்கள். கோப்பு நகலெடுப்பது நிற்காமல் தொடர்ந்தால் அமைப்பு தேறிவிட்டது. இரண்டு பாதை இருக்கிறது என்று பேக்கப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். தவறி அழித்த கோப்பு இரண்டு பாதையிலும் அழிந்ததுதான்.

சங்கங்களின் பழைய மலர்களும் குடும்பப் படங்களும் இன்று ஸ்கேன் ஆகி இப்படிப்பட்ட பெட்டிகளில் சேர்கின்றன. நம்மவர்களோ இடமாற்றம் வந்தால் மூட்டை கட்டுகிறவர்கள். எந்தக் கம்பி எந்தத் துளைக்குப் போகிறது, எந்தக் கார்டுக்கு எந்த முகவரி என்று ஒரு தாளில் எழுதி, பெட்டியின் கதவில் உட்புறமாக ஒட்டிவையுங்கள். நமக்குப் பின் வருகிறவருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.