மாஸ்டாவும் சுழல் யந்திரமும்

ஹிரோஷிமா நகரில் 1920ஆம் ஆண்டு தக்கைத் தொழிற்சாலையாகத் தோன்றி, 1931 முதல் மூன்று சக்கரச் சுமை வண்டிகளைச் செய்துவந்த மாஸ்டா ஸ்தாபனம், 1945இல் அணுகுண்டு விழுந்தபோது ஹிஜியாமா என்னும் சிறு குன்று இடைநின்று மறைத்தமையால் பெருஞ்சேதத்திலிருந்து தப்பி, இடமிழந்த மாகாண அரசாங்க அலுவலகங்களுக்குத் தன் கட்டடத்திலேயே இடமளித்ததோடு, அவ்வாண்டு டிசம்பரிலேயே வண்டி உற்பத்தியை மீண்டும் தொடங்கியது. அத்தகைய மனவுறுதிதான் பிற்காலத்தில் அதைச் சுழல் யந்திரத்தின்பால் செலுத்தியது போலும்!

ஜெர்மானியரான வாங்கெல் கண்ட இந்த யந்திரத்தில், ஏறி இறங்கும் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அதன் முனைகள் உட்சுவரில் இட்ட தழும்புகளுக்குச் 'சாத்தானின் நகக்கீறல்' என்றே பொறியியலாளர்கள் பெயரிட்டனர். கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் 47 பேர் அயராது பிரயத்தனம் செய்து, முனைகளில் கார்பன் கலந்த அடைப்புகளைப் பொருத்தி அக்குறையைத் தீர்த்ததன் பயனாக, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் வெளிவந்தது. 1991இல் பிரான்ஸ் தேசத்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் சுழல் யந்திரக் காரே வாகை சூடியது; ஜப்பானிய நிறுவனமொன்று அங்கே வென்றது அதுவே முதன்முறை.

அதிர்வின்றிப் பட்டுப்போல் வேகமெடுக்கும் சுகத்தை இத்தகைய கார்களின் சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும். அடைப்புகளுக்கு வழவழப்பூட்டும் பொருட்டு ஆயிலும் சிறிது சிறிதாக எரியும்படியே யந்திரம் அமைந்திருப்பதால், பெட்ரோல் போடும் வேளைதோறும் அளவுகோலை உருவி, துடைத்து, மறுபடி விட்டு ஆயில் மட்டம் பார்ப்பது அவர்களுக்கு நித்திய வழக்கம்.