பசித்த உடல் எதைத் தின்கிறது?



எங்கள் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவள் தாய். பிள்ளைகளுக்கும் வயோதிபர்களுக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் சோறும் குழம்புந்தான். மீன், முட்டை, பருப்பு எல்லாம் முன்னரே முடிந்துவிடும். "எனக்கு இது போதும் மிஸ்" என்று போசாக்கு வகுப்புகளில் பல சகோதரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் போதுமா? இதற்குப் பதில் எமது உடலின் கலங்களுக்குள் இருக்கிறது.

உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. கலத்தின் வேலைகளில் பெரும்பங்கைச் செய்வது புரதம். தசை, குருதி, நோயை எதிர்க்கும் சக்தி யாவற்றிலும் புரதம் உண்டு. புரதத்தை மணிகள் கோத்த மாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மணிகளின் பெயர் அமினோ அமிலம். 20 வகை மணிகள் உண்டு.

இந்த மாலைகள் நிரந்தரமானவை அல்ல. சில புரதங்கள் சில நிமிடங்களே இருக்கும். சில பல நாட்கள் இருக்கும். பழுதானதையும், பிழையாகக் கோக்கப்பட்டதையும், வேலை முடிந்ததையும் கலம் அறுத்து மணிகளாக்கிப் புதிய மாலை கோக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு நாளில் ஏறக்குறைய 200 முதல் 300 கிராம் வரை புரதம் இப்படி அறுக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுகிறது. நாம் ஒரு நாளில் உண்ணும் புரதத்தைவிட இது பல மடங்கு.

எதை அறுப்பது என்று கலத்துக்கு எப்படித் தெரியும்? இதைக் கண்டறிந்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த அவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரோன் சீக்கனோவர், அமெரிக்காவைச் சேர்ந்த இர்வின் ரோஸ் ஆகிய மூவர். 2004ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. இவர்களில் ஹெர்ஷ்கோ 1937இல் ஹங்கேரியில் பிறந்தவர். 1944இல், சிறுபிள்ளையாக இருந்தபோது, குடும்பத்துடன் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு ஒஸ்திரியாவிலுள்ள முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர். இடம்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த ஒருவர்தான் பின்னாளில் இதைக் கண்டுபிடித்தார்.

அவர்கள் கண்டது இதுதான். அகற்ற வேண்டிய புரதத்தின்மேல் 'யுபிகுவிட்டின்' என்ற சின்னஞ்சிறு புரதத்தைக் கலம் அடையாளமாக ஒட்டுகிறது. அடையாளம் ஒட்டப்பட்டது 'புரோட்டியசோம்' என்ற பீப்பா வடிவ அமைப்புக்குள் சென்று சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. வெட்டுவது பீப்பாவின் உட்பக்கத்தில் நடப்பதால் வெளியே உள்ள நல்ல புரதங்களுக்குச் சேதமில்லை.

பசி வரும்போது

கலத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பழைய பாகங்களை ஒரு பைக்குள் மொத்தமாகச் சுற்றிக் கரைத்துவிடுவது. இதற்குத் 'தன்விழுங்கல்' என்று பெயர். ஜப்பானிய விஞ்ஞானி யொஷினோரி ஓசுமி, பாண் பொங்கப் பயன்படும் ஈஸ்டைப் பட்டினி போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார். சில மணித்தியாலங்களுக்குள் கலத்தினுள்ளே அத்தகைய பைகள் நிறைந்தன. இதற்குக் காரணமான மரபணுக்களை அவர் கண்டறிந்தார். 2016இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இது ஒரு பாதுகாப்பு. தொப்புள்கொடி அறுந்த பின்னர் பால் கிடைக்கும்வரை எலிக்குட்டிகள் இந்த வழியால்தான் உயிர் பிழைக்கின்றன என்று 2004இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. ஆகவே ஒருநாள் விரதம் இருப்பதால் சுகதேகிக்குத் தீங்கு வராது. ஆனால் மாதக்கணக்கில் புரதம் குறைந்தால் கதை வேறு. கொழுப்பைப்போலப் புரதத்தைச் சேமித்து வைக்க உடலில் களஞ்சியம் இல்லை. வேலை செய்யும் தசையைத்தான் உடல் அறுத்தெடுக்க வேண்டும். காயம், கடும் காய்ச்சல், சத்திரசிகிச்சை என்பன வந்தாலும் இந்த அறுப்பு வேகமடையும்.

பழைய மணிகளையே திரும்பக் கோக்கலாந்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு எரிந்து சிறுநீருடன் வெளியேறிவிடுகிறது. 20 வகை மணிகளில் 9 வகையை எமது உடலால் செய்யவே முடியாது. அவை உணவிலிருந்துதான் வரவேண்டும்.

என்ன செய்யலாம்?

50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் புரதம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் உண்டு. சமைக்காத பருப்பு அல்லது பயறு 100 கிராமில் சுமார் 24 கிராம் உண்டு. ஒரு கைபிடி நிலக்கடலையில் 7 கிராம் வரை கிடைக்கும். கௌபி, உழுந்து, நெத்தலிக் கருவாடு என்பனவும் நல்லவை.

சோற்றில் குறைவாக உள்ள மணி பருப்பில் உண்டு; பருப்பில் குறைவானது சோற்றில் உண்டு. எனவே இரண்டையும் ஒரே நாளில் உண்பது, இறைச்சி வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் ஏற்ற வழி. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு புரதம் உண்ணலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கிளினிக்கில் தாய்க்கென்று தரும் திரிபோஷ தாய்க்குரியது. அதை வீட்டார் எல்லோருக்கும் பகிர்ந்துவிடாதீர்கள்.

தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் பலர் எம்மிடையே இருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், தோட்டம் கொத்துவதும், பிள்ளையைத் தூக்குவதும் உங்கள் தசைதான். அது கரைந்தால் குடும்பத்தின் உழைப்பும் கரையும். ஆகவே பானையிலிருந்து முதல் அகப்பை எடுக்கும்போதே உங்கள் பங்குப் பருப்பையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். அது சுயநலமல்ல, பிள்ளைகளுக்குச் செய்யும் கடமையே.