வெட்டுத்துணியில் ஒரு போர்வை

தையல் கடையில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால் மிச்சத் துணியையும் கேட்டு வாங்குங்கள். நாலரை அங்குலச் சதுரங்கள் 9 போதும். கால் அங்குலத் தையலில் மும்மூன்றாக இணைத்தால் போர்வைக்கு ஒரு கட்டம் தயார். பக்கத்துக் கட்டத்தோடு சேர்ந்ததும் சரியாக 12 அங்குலம் நிற்கும். கட்டத்துக்கு ஒரு வடிவமாகப் பழகிச் சேர்ப்பதுதான் சாம்ப்ளர் குவில்ட்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்களும் பழஞ்சேலைத் துண்டுகளில் ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை எட்டும் கைத்தையல் அது. மூலைகளில் மடித்த துணிப்பூ இல்லாவிட்டால் போர்வை முழுமையில்லை என்பார்கள். எத்தனை அருமையான பிடிவாதம்!

நீங்கள் தைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சுங்குடித் துணியில் சாயம் இறங்கலாம். அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள்.